4 குழு, 4,000 புரதம்: எதை நம்புவது? மஹலனோபிஸ் காட்டிய வழி

திண்டுக்கல் பக்கம் அகரத்தில் ஒரு விவசாயி 30 பாத்திகளில் சின்ன வெங்காயம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் வாங்கிய 5 உரங்களை, உரத்துக்கு 6 பாத்தி வீதம் பிரித்துப் போடுகிறார். அறுவடை முடிந்து எடை போட்டால் ஏதோ ஓர் உரம் முதலிடம், இன்னொன்று கடைசி இடம். அடுத்த தடவை முதல் உரத்தையே வாங்கணும்னு முடிவு பண்ணிவிடுகிறார்.

இப்போது ஒரு திருப்பம். 5 மூட்டையிலும் இருந்தது ஒரே உரம்தான், லேபிள் மட்டும்தான் வேறு. அப்போதும் யாராவது ஒருவர் முதலில் வந்திருப்பார், யாராவது கடைசியில் இருந்திருப்பார். 5 குழுக்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் 10 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் வழக்கமான 5 சதவீத அளவுகோலை வைத்தால், வித்தியாசமே இல்லாத இடத்தில் ஒரு ஜோடியாவது வித்தியாசம் இருக்குன்னு பொய் சொல்ல, கால் பங்குக்கும் மேல் வாய்ப்பு உண்டு.

வெங்காயத்தில் நஷ்டம் ஒரு போகம். ஆனால் இதே தவறு மருத்துவ ஆய்வகத்தில் நடந்தால்?

ஆய்வகத்தில் என்ன பிரச்சினை?

ஒரு புற்றுநோய் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நலமானவர்கள், நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்கள், முற்றியவர்கள், சிகிச்சை பெற்றவர்கள் என்று 4 குழுக்கள். எல்லோருடைய ரத்த மாதிரியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் போகிறது. வெளியே வருவது 4,000 புரதங்களின் அளவு. எந்தப் புரதம் எந்தக் குழுவில் கூடியிருக்கிறது, எதில் குறைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

4 குழுவுக்கு 6 ஜோடி. 4,000 புரதத்தை 6 ஆல் பெருக்கினால் 24,000 ஒப்பீடுகள். எந்தப் புரதத்திலும் நிஜமான மாற்றமே இல்லாவிட்டாலும், 5 சதவீதக் கணக்கில் சுமார் 1,200 ஒப்பீடுகள் மாற்றம் இருப்பதாகக் காட்டும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுதலாம், ரத்தப் பரிசோதனை தயாரிக்கலாம், மருந்துக்கு இலக்குகூட தேடலாம். எல்லாம் வெறும் காற்றின் மேல் கட்டிய கோட்டையாக இருக்கும்.

பல குழுக்கள், பல அளவீடுகள், அத்தனையையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டிய கட்டாயம். இந்தச் சிக்கலோடு 100 ஆண்டுகளுக்கு முன்பே, கம்ப்யூட்டர் இல்லாத கொல்கத்தாவில் ஒருவர் மல்லுக்கட்டினார். அவர் அளந்தது புரதங்களை அல்ல, மனிதர்களை.

யார் இந்த மஹலனோபிஸ்?

பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் 1893 ஜூன் 29 அன்று கொல்கத்தாவில் பிறந்தார். பிரம்ம சமாஜப் பின்னணி கொண்ட குடும்பம். 1912ல் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பட்டம் வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜைச் சும்மா சுற்றிப் பார்க்கப் போனவர், கடைசி ரயிலைத் தவறவிட்டு இரவு அங்கேயே தங்க நேர்ந்தது. கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தில் மனதைப் பறிகொடுத்து அங்கேயே சேர்ந்துவிட்டார்.

அங்கே அவருக்கு நண்பரானவர் நம் ராமானுஜன். ஒரு குளிர்கால நாளில் ராமானுஜன் அறைக்குப் போன மஹலனோபிஸ், அவர் இரவெல்லாம் குளிரில் நடுங்குவதைத் தெரிந்துகொண்டார். கட்டிலில் கம்பளிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது கும்பகோணத்தில் வளர்ந்தவருக்குத் தெரியவில்லை. கம்பளியை எப்படி விரித்துப் போர்த்திக்கொள்வது என்று செய்து காட்டியவர் மஹலனோபிஸ்தான்.

இயற்பியலில் தேறி ஊர் திரும்பும் நேரத்தில், கல்லூரி நூலகத்தில் பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் இதழை அவர் கண்ணில் பட வைத்தார் அவருடைய ஆசிரியர். அதுவரை வந்த தொகுதிகளை எல்லாம் மஹலனோபிஸ் விலைக்கு வாங்கினார். கப்பலிலேயே படிக்க ஆரம்பித்தார். கொல்கத்தாவில் இறங்கும்போது அவர் சம்பளத்துக்கு இயற்பியல் ஆசிரியர், மனதளவில் புள்ளியியல்காரர்.

மூக்கை அளந்தவர்கள்

1920ல் நாக்பூரில் நடந்த அறிவியல் மாநாட்டில், விலங்கியல் ஆய்வுத் துறையின் தலைவர் நெல்சன் அன்னண்டேலைச் சந்தித்தார். கொல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியர்களின் உடல் அளவுகள் அன்னண்டேலிடம் குவிந்து கிடந்தன. அவற்றை ஆராயும் வேலை மஹலனோபிஸ் கைக்கு வந்தது. 1922ல் வெளியான அந்த ஆய்வுதான் புள்ளியியலில் அவருடைய தொடக்கம்.

அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து அதை வைத்தே சாதிகளை வரிசைப்படுத்தப் பார்த்தவர். ஒரே ஓர் அளவை எடுத்து, அதில் தெரிந்த வித்தியாசத்தைச் சமூகப் படிநிலைக்கு ஆதாரமாக்கும் முயற்சி அது. எண்கள் தப்பாக இருந்தால், அல்லது ஒப்பீடு தப்பாக இருந்தால், பாதிக்கப்படுவது கோடிக்கணக்கான மனிதர்கள்.

ரிஸ்லியின் வங்காள அட்டவணைகளை மஹலனோபிஸ் வரி வரியாகச் சரிபார்த்தார். பிழைகள் கிடைத்தன. அவற்றைத் திருத்தி, தான் தொடங்கிய சங்க்யா இதழின் முதல் தொகுதியிலேயே 1933ல் வெளியிட்டார். ஒப்பிடுவதற்கு முன்னால் தரவைச் சுத்தம் செய் என்பது இன்றைய டேட்டா சயின்ஸ் வகுப்பின் முதல் பாடம். அதை அவர் அன்றே செய்துகாட்டினார்.

வித்தியாசம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது?

அப்போது குழுக்களை ஒப்பிட லண்டனின் கார்ல் பியர்சன் உருவாக்கிய ஓர் எண் புழக்கத்தில் இருந்தது. பல அளவீடுகளைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும். ஆனால் அதில் ஒரு கோளாறு. இரண்டு குழுக்களிலும் 50 பேரை அளந்தால் ஒரு விடை வரும். அதே குழுக்களில் 500 பேரை அளந்தால் விடை பல மடங்கு பெரிதாகிவிடும். குழுக்களுக்கு நடுவே உள்ள தூரம் மாறவில்லை, அளந்தவர்களின் எண்ணிக்கைதான் மாறியது.

அதாவது, வித்தியாசம் இருக்கிறதா என்ற கேள்வியும் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியும் அந்த எண்ணில் கலந்து கிடந்தன. இரண்டையும் பிரிக்கணும் என்றார் மஹலனோபிஸ். 1926, 27ல் பியர்சனின் ஆய்வகத்திலேயே சில மாதங்கள் வேலை செய்தபோதும் இந்தக் கருத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கொல்கத்தா திரும்பி, 1930ல் வங்காள ஆசியவியல் கழகத்தின் இதழில் தன் வாதத்தை வெளியிட்டார். 1936ல் அது முழு வடிவம் பெற்றது. டி-ஸ்கொயர் என்றும் மஹலனோபிஸ் தூரம் என்றும் உலகம் முழுக்கச் சொல்லப்படுவது அதுதான்.

அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. உயரமானவருக்குக் கையும் நீளமாகத்தான் இருக்கும். உயரத்தில் ஒரு வித்தியாசம், கை நீளத்தில் ஒரு வித்தியாசம் என்று தனித்தனியாக எண்ணினால் ஒரே விஷயத்தை இரண்டு தடவை எண்ணுகிறோம். டி-ஸ்கொயர் இந்தத் தொடர்பைக் கழித்துவிட்டுத் தூரத்தைச் சொல்லும்.

இதைப் புரதங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். உடலில் அழற்சி வந்தால் ஒரு கூட்டம் புரதங்கள் சேர்ந்தே ஏறும். அவற்றில் 30 கூடியிருக்கு என்பது 30 தனித்தனிச் சான்று இல்லை. ஒரே கதையின் 30 வரிகளாகவும் இருக்கலாம். அதேபோல, மாதிரிகளின் எண்ணிக்கை கூடக்கூட மிகச் சின்ன மாற்றம்கூட புள்ளியியல்படி உறுதியானதாகத் தெரியும். அதனால்தான் இன்றைய ஆய்வாளர்கள் ஒரு புரதத்துக்கு இரண்டு எண்களைப் பார்க்கிறார்கள். பி-மதிப்பு, அந்த மாற்றம் தற்செயலாக வந்திருக்க முடியுமா என்று கேட்கிறது. எத்தனை மடங்கு மாறியது என்பது, அந்த மாற்றம் பொருட்படுத்தத் தக்கதா என்று கேட்கிறது. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

ஓர் அறையில் பிறந்த நிறுவனம்

1931 டிசம்பர் 17 அன்று, பிரசிடென்சி கல்லூரியில் தன் அறையையே இடமாகக் கொண்டு இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார் மஹலனோபிஸ். முதல் ஆண்டுச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. ராஜ் சந்திர போஸ், சமரேந்திரநாத் ராய் என்று கணிதத்தில் கெட்டிக்காரர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1941ல் வேலை தேடி வந்த சி.ஆர். ராவும் அங்கேதான் சேர்ந்தார்.

அதே 1941ல் ஐக்கிய மாகாணத்தில், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதியில், மானுடவியலாளர் டி.என். மஜும்தார் 20க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களை அளந்தார். 20 குழு என்றாலே 190 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் பல அளவுகள். எல்லாமே கைக்கணக்கும் மேஜைக் கருவியும்தான். மஹலனோபிஸ், மஜும்தார், ராவ் மூவரும் 1949ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் 190 தனித்தனித் தீர்ப்புகளை அடுக்கவில்லை. எல்லாத் தூரங்களையும் ஒரே படத்தில் வைத்து, எந்தக் குழுக்கள் கொத்தாகச் சேர்கின்றன, எவை தள்ளி நிற்கின்றன என்று பார்த்தார்கள். பல குழுக்களை ஒப்பிடும்போது ஜோடி ஜோடியாகத் தலையை விடாதே, முதலில் முழுப் படத்தையும் பார் என்பதுதான் அந்த அணுகுமுறை.

மஹலனோபிஸின் நெருங்கிய நண்பரான இங்கிலாந்தின் ரொனால்ட் ஃபிஷர் இதே சிந்தனையை வேறு வழியில் சொல்லியிருந்தார். எல்லாக் குழுக்களையும் ஒரே சோதனையில் வைத்து, எங்காவது வித்தியாசம் இருக்கா என்று முதலில் கேள். இருந்தால் மட்டும் ஜோடிகளுக்குள் போ. அனோவா என்று கல்லூரியில் படிப்பது இதைத்தான். ஆனால் அதற்கும் ஓர் ஓட்டை உண்டு. ஒரு குழு மட்டும் ரொம்பவே வேறாக இருந்தால் முதல் வாசல் திறந்துவிடும். அதன்பின் மற்ற ஜோடிகளின் பொய்யான வித்தியாசங்களும் அதே வாசல் வழியாக உள்ளே வந்துவிடலாம்.

1953ல் இதற்கு வழி பிறந்தது. அமெரிக்காவில் ஜான் டூக்கி ஒரு பக்கம், ஹென்றி ஷெஃபே ஒரு பக்கம் தீர்வு தந்த அதே ஆண்டில், மஹலனோபிஸின் அறையில் வளர்ந்த ராயும் போஸும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அப்போது இருவரும் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் தனித்தனி உத்தரவாதம் போதாது, எல்லா ஒப்பீடுகளுக்கும் சேர்த்து ஒரே உத்தரவாதம் வேண்டும் என்பது அதன் சாரம். பல குழு ஒப்பீட்டின் இன்றைய அடித்தளத்தில் கொல்கத்தாவின் செங்கல்லும் இருக்கிறது.

சரி, இன்னைக்கு எப்படிச் செய்றாங்க?

புரத ஆய்வில் இன்று பின்பற்றப்படும் நல்ல நடைமுறையை நாலு படியாகச் சொல்லலாம்.

முதல் படி, கேள்வியை முன்கூட்டியே முடிவு செய்வது. 6 ஜோடியும் தேவையா? ஆரம்பக் கட்ட நோயாளியையும் நலமானவரையும் ஒப்பிடுவதுதான் உங்கள் கேள்வி என்றால், அந்த ஓர் ஒப்பீட்டை மட்டும் எடுங்கள். கேட்காத கேள்விக்குப் பொய் பதில் வராது. தரவைப் பார்த்தபிறகு அழகாக இருக்கும் ஜோடியைப் பொறுக்கி எடுப்பது, ஜெயித்த குதிரையின் மேல் பந்தயம் கட்டுவது மாதிரி.

இரண்டாம் படி, எல்லாக் குழுக்களையும் ஒரே மாதிரியில் பொருத்துவது. ஜோடி ஜோடியாகத் தரவை வெட்டி டி-டெஸ்ட் போட்டால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாதிரிகளே கையில் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துவைத்தால், அளவுகள் இயல்பாக எவ்வளவு ஆடும் என்பது இன்னும் நன்றாகத் தெரியும்.

மூன்றாம் படி, பொய் எச்சரிக்கைகளைக் கட்டுப்படுத்துவது. இதில் அதிகம் புழங்கும் முறை இஸ்ரேலின் பெஞ்சமினி, ஹோக்பெர்க் இருவரும் 1995ல் தந்தது. ஒரு பொய்கூட வரக்கூடாது என்று அது அடம்பிடிக்காது. 4,000 புரதத்தில் அப்படி அடம்பிடித்தால் நிஜமான மாற்றங்களும் போய்விடும். மாறாக, மாறியதாக அறிவிக்கும் பட்டியலில் பொய்களின் பங்கு சராசரியாக 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைக்கும். 200 புரதம் பட்டியலில் இருந்தால், அதில் சுமார் 10 பொய்யாக இருக்கலாம் என்று தெரிந்தே மேலே போகலாம். பல ஒப்பீடுகள் இருக்கும்போது இந்தத் திருத்தத்தை ஒவ்வொன்றுக்கும் தனியாகச் செய்வதா, எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுச் செய்வதா என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு ஒப்பீடும் தனிக் கேள்வி என்றால் தனித்தனியாகச் செய்யலாம். எங்கே மாறினாலும் ஒரே பட்டியலில் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் ஒரே கூடைதான் சரி.

நான்காம் படி, மாற்றத்தின் அளவைப் பார்ப்பது. இதிலும் ஒரு பொறி இருக்கு. திருத்தம் முடிந்த பட்டியலில் இருந்து 2 மடங்குக்கு மேல் மாறியதை மட்டும் பிறகு பொறுக்கினால், அந்த 5 சதவீத உத்தரவாதம் அப்படியே கூட வராது. அளவு முக்கியம் என்றால், குறைந்தது இவ்வளவு மாறியிருக்கா என்பதையே சோதனையின் கேள்வியாக வைக்க வேண்டும்.

யார் அளந்தாலும் ஒரே விடை வருமா?

இந்த நாலு படியையும் ஒழுங்காக ஏறினாலும் ஓர் ஆபத்து மிச்சம் இருக்கும். அளந்த விதமே கோணலாக இருந்தால்? இதற்கும் மஹலனோபிஸிடம் ஒரு வழி இருந்தது.

1930களின் பிற்பகுதியில் வங்காளத்தின் சணல் பயிர்ப் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பு மூலம் மதிப்பிட்டபோது, ஒரே பகுதியை இரண்டு தனித்தனி மாதிரிகளாகப் பிரித்து வேறு வேறு குழுக்களிடம் கொடுத்தார். ஒருவர் விடை மற்றவருக்குத் தெரியாது. இரண்டு விடையும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகினால், வித்தியாசம் வயலில் இல்லை, அளந்தவரிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பாடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் புரத ஆய்விலேயே உதாரணம் உண்டு. 2002ல் லான்செட் இதழில், ரத்தத்தின் புரத அமைப்பை வைத்துக் கருப்பைச் சூலகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று ஓர் அமெரிக்கக் குழு அறிவித்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது, வணிகப் பரிசோதனையும் தயாரானது. டெக்சாஸைச் சேர்ந்த கீத் பேகர்லியும் சக ஆய்வாளர்களும் பொதுவில் கிடைத்த தரவை மறுபடி அலசியபோது, மாதிரிகளைக் கையாண்ட விதத்தில் இருந்த வேறுபாடுகளே நோயின் அடையாளம் போலத் தெரிந்திருக்கலாம் என்று 2004ல் காட்டினார்கள். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் தலையிட்டது. ஒரு பொய் எச்சரிக்கையை நம்பி ஒரு பெண் சூலகத்தை இழந்திருக்கக்கூடும் என்று யோசித்தால்தான் இந்தக் கணக்கின் கனம் புரியும்.

அதனால் ஆய்வகத்தில் நலமானவர்களின் மாதிரியைத் திங்கட்கிழமையும் நோயாளிகளின் மாதிரியைச் செவ்வாய்க்கிழமையும் ஓட்டக்கூடாது. எல்லாக் குழுவையும் கலந்து, குலுக்கிப் போட்டு ஓட்ட வேண்டும். அகரத்துப் பாத்திகளும் அப்படித்தான். வாய்க்கால் ஓரப் பாத்தி எல்லாம் ஒரே உரத்துக்குப் போனால், ஜெயித்தது உரமா தண்ணீரா என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசிக் காலமும் மிச்சமிருக்கும் கேள்வியும்

1945ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார் மஹலனோபிஸ். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நாட்டின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அவருடைய கணித மாதிரியை ஒட்டி வடிவம் பெற்றது. கனரகத் தொழிலுக்குக் கொடுத்த முன்னுரிமைக்காக அந்தத் திட்டம் அன்றும் இன்றும் விமர்சிக்கப்படுகிறது. 1968ல் பத்ம விபூஷண் விருது வந்தது. 1972 ஜூன் 28 அன்று, 79வது பிறந்தநாளுக்கு ஒருநாள் முன்னதாக, காலமானார். 2007 முதல் அவருடைய பிறந்தநாள் தேசியப் புள்ளியியல் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அவருடைய பணியில் ஒரு நெருடலும் உண்டு. அளவுகளில் ரிஸ்லி செய்த பிழைகளைத் திருத்தியவர், சாதியை அளக்கத்தக்க ஒரு குழுவாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைத் தாண்டவில்லை. எந்தச் சூத்திரமும் குழுக்களைப் பிரித்துத் தராது. அதைப் பிரிப்பது நாம்தான். நோயாளிகளை எப்படி 4 குழுவாகப் பிரித்தோம், ஏன் அப்படிப் பிரித்தோம் என்பதற்கு ஆய்வாளர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்று வங்கிகள் சந்தேகமான பரிவர்த்தனையைப் பிடிப்பதிலும், புரத ஆய்வகங்கள் மற்றவற்றோடு ஒட்டாத மாதிரியை அடையாளம் காண்பதிலும் மஹலனோபிஸ் தூரம் பயன்படுகிறது. உங்கள் அலுவலகத்தில் ஒரு செயலியின் 5 வடிவங்களை ஏ/பி டெஸ்ட் செய்து, ஒன்று ஜெயித்துவிட்டது என்று யாராவது ஸ்லைடு போட்டால், மூன்று கேள்வி கேளுங்கள். மொத்தம் எத்தனை ஒப்பீடு செய்தீர்கள்? அவற்றில் எதை முன்பே முடிவு செய்தீர்கள்? வித்தியாசம் இருக்கு, சரி, எவ்வளவு இருக்கு?